அன்புக்கரசி கூப்பிட்ட கிராம சபை

நான் தம்பிதுரை. புளியங்காட்டுப்பாளையம் ஊராட்சிச் செயலர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அன்புக்கரசியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் கிடையாது. அவளால் அதிகம் பாடுபட்டவன் நான்தான்.

அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற ரோட்டில் பிரிந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே வந்தால் எங்கள் ஊர். ஊருக்குள் தோட்டத்துச் சொந்தக்காரர்கள் வீடு. கிழக்குத் தெருவில், அந்தத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாகக் கூலிக்குப் போனவர்களின் வீடு. இப்போது யாருடைய பிள்ளையும் மண்ணைத் தொடுவதில்லை. ஊர்ப் பிள்ளைகள் பம்ப் கம்பெனிக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் போகிறார்கள். கிழக்குத் தெருப் பிள்ளைகள் பனியன் கம்பெனி, ஜவுளிக்கடை, முகூர்த்த நாளில் கோயமுத்தூர் மண்டபங்களில் கேட்டரிங் என்று போகிறார்கள். எங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பது ஒரே ஒரு புறம்போக்கு மைதானத்தில்.

அன்புக்கரசி கிழக்குத் தெரு பிரான்சிஸ் மகள். அப்போது இருபத்தாறு வயது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. காலை ஏழு பத்து பஸ்ஸில் போனால் ராத்திரிதான் வீடு. ஒரு தடவை ஒரு அம்மாள் நூற்று நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முதல்முதலில் காட்டின சேலை எங்கே என்று கேட்டாளாம். அன்புக்கரசி முகம் மாறாமல், "காபி சொல்லட்டுங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு நூற்று நாற்பதையும் மறுபடி புரட்டியிருக்கிறாள். பொறுமைக்கு ஒரு எல்லை உண்டு என்பார்கள். இவளுக்கு அது கிடையாது. அந்தப் பொறுமை என் பக்கம் திரும்பியபோதுதான் அது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று எனக்குத் தெரிந்தது.

சங்கதி மைதானத்தில் ஆரம்பித்தது. செப்டம்பர் கடைசி ஞாயிறு. கிழக்குத் தெரு அணிக்கு அன்புக்கரசியின் தம்பி ஜெரோம் கேப்டன். ஊர் அணிக்குப் பெரிய தோட்டத்துச் சுப்பண்ணன் மகன் கிருபாசங்கர் கேப்டன். யார் முதலில் ஆடுவது என்று தகராறு. எங்கள் ஊர்த் தகராறு வெளியூர்க்காரனுக்குத் தகராறு என்றே தெரியாது. "தள்ளி நில்லுங்க", "நீங்க மொதல்ல தள்ளுங்க", "மண்டையப் பொளந்துபோடுவேனுங்க" என்று மரியாதை குறையாமல்தான் வளர்ந்தது. கிருபாசங்கர் ஸ்டம்பைப் பிடுங்கினான். மறுமுனையை ஜெரோம் பிடித்து இழுத்தான். இரண்டு நிமிஷம் இழுபறி. பிறகு ஜெரோமுக்கு என்ன தோன்றியதோ, வேண்டாம் என்று கையை விட்டுவிட்டான். அவன் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதனால்தான் ஸ்டம்பு போய்க் கிருபாசங்கரின் நெற்றியில் அடித்தது. மூன்று தையல்.

மறுநாள் சுப்பண்ணன் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். பையன்கள் சண்டைக்கு எஃப்.ஐ.ஆர். போட அவருக்கும் மனசில்லை. அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் இரண்டு பக்கமும் சமாதானமாகி எழுதிக்கொடுத்தால் விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்குதான் என்று நாள் சொல்லி அனுப்பினார்.

இதில் பாதிக்கப்படப்போகிறவன் ஜெரோம். அவன் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் தேறி, நடத்தை விசாரணைக்குக் காத்திருந்தான். பெயர் ஒரு வழக்கில் ஏறிவிட்டால் அந்த வேலை அதோடு சரி. பிரான்சிஸுக்கு முதுகுத்தண்டில் கோளாறு. அம்மா ராசம்மாள் நூறுநாள் வேலைக்குப் போகிறவள். தம்பியைப் படிக்கவைத்து, அதிகாலையில் ஓடவைத்து, பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது எல்லாம் அன்புக்கரசிதான். தன் கல்யாணப் பேச்சைக்கூட அவனுக்கு வேலை வந்த பிறகு என்று தள்ளிவைத்திருந்தாள்.

அந்த வாரப் புதன்கிழமையே அவள் கடைக்குப் போகாமல் என் ஆபீசுக்கு வந்தாள். தீபாவளி சீசனில் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் கத்தினாராம். வந்து உட்கார்ந்து, மைதானம் யாருடையது என்று கேட்டாள். ஊராட்சியுடையது என்றேன். யார் எப்போது ஆடுவது என்று தீர்மானம் போட்டால் தகராறு முடியுமா என்று கேட்டாள். கிராம சபையில் இரண்டு தெருவும் உட்கார்ந்து போட்டால் முடியும், அக்டோபர் இரண்டு திங்கட்கிழமை சபை இருக்கிறது, ஆனால் அதற்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றேன்.

அவள் போன சபையின் பதிவேட்டைக் கேட்டாள். கொடுத்திருக்கக் கூடாது. அதில் இருநூற்று முப்பத்தாறு கையெழுத்து. அதில் மூன்றாவது அவளுடைய அம்மா.

"எங்கம்மா வந்தாங்களா? சொல்லவே இல்லீங்களே" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சபைக்கு வருகிறவர்கள் இருபது பேர். டீ ஆறுவதற்குள் கலைந்துவிடுவார்கள். அப்புறம் நான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நூறுநாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்குவேன். தீர்மானங்களை முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதி வைத்துவிடுவேன். இளைஞர்கள் என்று ஒரு ஜாதி சபைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. நோட்டீஸ் ஒட்டுகிறேன், வாட்ஸ்அப்பில் போடுகிறேன், ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறேன், இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"ஊட்டுக்கு வந்து யாரும் கூப்பிடலீங்களே" என்றாள் அன்புக்கரசி.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் தாய்மாமன்கூட வரமாட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாசலில் நின்று, வீட்டில் உள்ளவர்களைப் பேர் சொல்லி அழைத்தால்தான் அது அழைப்பு. அப்படிக் கூப்பிடாத விசேஷத்துக்குப் போனவனை ஏழு வருஷம் கழித்தும் கேலி செய்வார்கள். கிராம சபைக்கு அப்படி யாரையும் யாரும் கூப்பிட்டதில்லை. தான் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

கல்யாணத்துக்கு அழைக்க மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வேண்டும். கிழக்குத் தெருவிலிருந்து இவள் ஒருத்தி மட்டும் போனால் ஊருக்குள் எடுபடாது. அதனால் ஏழு பத்து பஸ்ஸில் தனக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காருகிற அக்ஷயாவைச் சேர்த்துக்கொண்டாள். அக்ஷயா கல்லூரியில் இரண்டாம் வருஷம். சுப்பண்ணன் மகள், அடிபட்ட கிருபாசங்கரின் தங்கை. அண்ணனுக்கே இந்தக் கேஸில் இஷ்டமில்லை, அப்பாதான் பிடிவாதம் என்று அவளும் புழுங்கிக்கொண்டிருந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருவரும் தட்டோடு வீடு வீடாக ஏறினார்கள்.

தவறு முதல் வீட்டிலேயே நடந்துவிட்டது. அக்ஷயா சின்ன வயதிலிருந்து அம்மாவோடு அழைப்புக்குப் போய்ப் பழகியவள். தட்டைக் கையில் வாங்கியதும் வாய் தானாகப் பேசியிருக்கிறது. "திங்கக்கெழமை கிராம சபைங்க. ஊட்டோட வந்துருங்க. நேரத்துலயே வந்துருங்க. சாப்பிட்டுத்தான் போகோணும்ங்க."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்திருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் விட முடியுமா? அவங்களுக்குச் சோறு, எங்களுக்கு வெறும் வெற்றிலையா என்று சண்டை வந்துவிடும். சண்டையைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் புதிதாக ஒன்றைக் கிளப்ப முடியாது என்று இருநூற்றுப் பத்து வீட்டிலும் அதையே சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் இருபது டீக்கும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டுக்கும் சொல்லி வைத்திருந்தேன். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ராஜினாமா எப்படி எழுதுவது என்றுகூட யோசித்தேன். அன்புக்கரசி, சேலை பிடிக்கவில்லை என்று எழுந்த கஸ்டமரை உட்காரவைக்கிற குரலில், பார்த்துக்கலாமுங்க என்றாள்.

அவள் பார்த்துக்கொண்ட விதம் இப்படி. கிழக்குத் தெருப் பையன்களுக்கு ஐந்நூறு பேருக்குச் சமைத்துப் பந்தி பரிமாறத் தெரியும், பாத்திரம் கிடையாது. ஊர்ப் பையன்களிடம் கோயில் பாத்திரம், கேஸ் அடுப்பு, வண்டி எல்லாம் உண்டு, சாப்பிட மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிடித்து, எல்லாரையும் கூப்பிட்டாயிற்று, இனிமேல் மானம் போனால் ஊருக்கே போகும் என்றாள். ஒறம்பரை, விருந்தாளி என்று கூப்பிட்டுவிட்டுப் பட்டினியாக அனுப்பின ஊர் என்ற பேரை எந்தப் பையனும் விரும்பவில்லை. சண்டையை அப்புறம் தொடர்ந்துகொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் கிருபாசங்கர் நெற்றிக் கட்டோடு மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து முட்டைக்கோசும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு வந்தான். ஜெரோம் சபை கூடுகிற பள்ளிக்கூடத்து வாசலில் அடுப்பைப் பற்றவைத்தான். பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற ஒரு பையனுக்கு முட்டைக்கோசு நறுக்கத் தெரியவில்லை என்று ஜெரோம் அவனைப் பிடித்துத் திட்டினான். மரியாதையோடுதான் திட்டினான். அவனும் தலையைக் குனிந்துகொண்டு நறுக்கினான். எட்டு நாள் முன்னால் இதே வார்த்தைக்கு ஸ்டம்பு பறந்திருக்கும்.

பதினொரு மணிக்கு நானூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகப் பெண்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட வரிசை நின்றதை அன்றுதான் பார்த்தேன். வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? சோறு வேக நேரமிருந்ததால் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதிலும் இளவட்டங்கள். தெருவிளக்கு ஏன் எரியவில்லை, நூலகம் ஏன் எப்போதும் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டார்கள். சாவி என் இடுப்பில் இருந்தது. நான் அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்த ஐந்து தீர்மானத்தில் நான்கு அடிபட்டு, புதிதாக ஒன்பது எழுதவேண்டி வந்தது. என் கை வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

மைதானத் தீர்மானம் வந்தது. காலையில் ஒரு தெரு, மாலையில் ஒரு தெரு, அடுத்த வாரம் மாற்றி, மாதத்தில் ஒரு ஞாயிறு கலந்து ஆடுவது, இரண்டு பக்கமும் ஐந்தைந்து பேர் சேர்ந்து மைதானத்தைப் பராமரிப்பது என்று பையன்களே பேசி முடித்தார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். அன்புக்கரசி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தாள்.

சுப்பண்ணன் வரவில்லை.

புகார் கொடுத்தவர் அவர். அவர் வராமல் நானூறு கை தூக்கியும் ஜெரோமுக்குப் பிரயோஜனம் இல்லை. அவரைக் கூப்பிட்டது யார் என்று நான் கேட்டேன். அன்புக்கரசி அக்ஷயாவைப் பார்த்தாள். அக்ஷயா அன்புக்கரசியைப் பார்த்தாள். அக்ஷயா அழைக்கிற பக்கத்து ஆள். தன் வீட்டு விசேஷத்துக்குத் தன் வீட்டையே யாராவது தட்டு வைத்து அழைப்பார்களா? அதனால் அவள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். இருநூற்றுப் பத்து வீட்டைக் கூப்பிட்டுவிட்டு, யாருக்காக இத்தனையும் செய்தார்களோ அந்த ஒரு வீட்டை விட்டுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

தட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நாலு பேர் போனோம். அன்புக்கரசி, அக்ஷயா, அடுப்படி வியர்வையோடு ஜெரோம், சாட்சிக்கு நான். சுப்பண்ணன் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு நடுவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே குளித்துத் தயாராகி, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். ஊரே பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறது என்று அவர் மனைவி குழந்தையம்மாள் அடுப்பும் பற்றவைக்கவில்லை. மணி ஒன்றரை. மனுஷர் பட்டினி.

"ஊரெல்லாம் கூப்பிட்டிருக்கறீங்க. எங்க ஊட்டுல ஆளில்லைன்னு நெனைச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்றார்.

அக்ஷயா ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அன்புக்கரசியைப் பார்த்துப் பேசினார்.

"பையனுக்கு மூணு தையலு அம்மணி. எட்டு நாளாச்சு. உங்க தெருவுல இருந்து ஒரு ஆளு வந்து எப்படி இருக்குதுன்னு கேக்கலை. நான் கேஸ் குடுத்தது அதுக்குத்தான். மண்டை ஒடைஞ்சதுக்கு இல்லை."

நூற்று நாற்பது சேலைக்கு மாறாத முகம் அப்போது மாறியது. கடையில் பேசுகிற குரல் போய்விட்டது.

"ஜெரோம் வந்தானுங்க" என்றாள். "மூணு நாள் பொழுதோட வந்தானுங்க. உங்க கேட்டுக்கு வெளிய நின்னுட்டு நின்னுட்டுத் திரும்பிப்போயிட்டானுங்க. உள்ள வரலாமான்னு அவனுக்குத் தெரியலீங்க. எங்க தெருவுல யாருக்குமே அது தெரியாதுங்க."

குழந்தையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானும் பார்த்ததாகச் சொன்னாள். யாரோ ஒரு பையன் கேட்டுப் பக்கத்தில் நிற்கிறான், மோட்டார் ரிப்பேருக்கு வந்தவனாக இருக்கும் என்று நினைத்து, வாங்க என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாளாம். வாசலுக்கு வந்த எதிரியையும் வாங்க என்று கூப்பிடுகிற ஊர் என்று நாங்கள் கோயமுத்தூர் முழுக்கப் பெருமையடிப்போம். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருஷமாகக் கிழக்குத் தெருவில் கையெழுத்து வாங்கப் போகிறேன். அங்கே ஒரு வீட்டுக்குள்ளும் நான் உட்கார்ந்ததில்லை.

சுப்பண்ணன் திரும்பிப் பார்த்தார். ஜெரோம் அப்போதும் கேட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தான். நாங்கள் மூவரும் உள்ளே வந்ததில் அவன் வராததை நான் கவனிக்கவேயில்லை.

அவர் எழுந்து, செருப்பில்லாமல் வாசலைத் தாண்டி, கேட்டைத் தானே திறந்தார். "உள்ள வாங்க தம்பி" என்றார். உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். குழந்தையம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். பிறகு சுப்பண்ணன் எதிரில் உட்கார்ந்து, செருமிக்கொண்டு, இப்போது முறைப்படி கூப்பிடுங்கள் என்றார். அன்புக்கரசி தட்டைத் தம்பி கையில் கொடுத்தாள். அவன் தட்டை நீட்டிக்கொண்டு அழுதான். அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு அவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

நாங்கள் திரும்பிவந்தபோது பந்தி தொடங்கிவிட்டது. இரண்டு தெருவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் தனித்தனியாக உட்காரத்தான் சிலர் பார்த்தார்கள். ஆனால் மணி இரண்டு. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது பொய்யில்லை. கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சுப்பண்ணனுக்கும் கிடைத்த இடம் பிரான்சிஸுக்குப் பக்கத்தில்தான். இருவரும் முதுகுவலித் தைலம் பற்றிப் பேசிக்கொண்டே ரசத்துக்கு மறுசோறு வாங்கினார்கள். புதன்கிழமை ஸ்டேஷனுக்கு ஒரே காரில் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அன்புக்கரசி இன்றைக்கும் அதே பட்டுக்கடையில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு கிராம சபைக்கும் பத்து நாள் முன்னால் ஆபீசுக்கு வந்து, போன தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். நான் எழுந்து போக முயன்றால், காபி சொல்லட்டுங்களா என்கிறாள். கூட இரண்டு தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். என் நிம்மதி போய் இரண்டு வருஷமாகிறது.

ஜெரோமின் நடத்தை விசாரணைக்கு ஒரு ஏட்டு என் ஆபீசுக்கு வந்தது அந்த வருஷம் மார்கழியில். வழக்கு ஏதும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு, பையனைத் தெரிந்த, ஆனால் சொந்தக்காரராக இல்லாத ஒரு பெரியமனிதர் வாக்குமூலம் வேண்டும் என்றார். மைதானத்துக்குத் தண்ணீர்க்குழாய் கேட்டு என் எதிரில் உட்கார்ந்திருந்த சுப்பண்ணன், நான் சொல்கிறேன் என்று காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஏட்டு அவருடைய விலாசத்தைப் பார்த்தார், பையனுடைய விலாசத்தைப் பார்த்தார். அந்தத் தெருப் பையனை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

சுப்பண்ணன் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நம்ம ஊட்டுக்கு வந்துபோற பையனுங்க" என்றார்.